ஒரு பல் தவறினால்…

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் டைமிங் இரண்டு வகை. வால்வுகள் எப்போது திறந்து மூட வேண்டும் என்பது ஒன்று. பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பது மற்றொன்று. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே இரண்டும் அளக்கப்படுகின்றன. வீட்டுத் திண்ணையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது நேரும் டைமிங் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: பிஸ்டன் உச்சியில் இருப்பதாக நினைத்த நேரத்தில் அது அங்கே இருப்பதில்லை.

சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் கும்பகோணம் போகும் நெடுஞ்சாலையும் குறுக்கிடும் சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களில் ஸ்பிளெண்டரும் பழைய புல்லட்டும் உழைக்கும் வண்டிகள். கரும்புக் கொல்லைக்கும் சர்க்கரை ஆலைக்கும் போய்வர அவை தினமும் வேண்டும். ஆகவே டைமிங் செயின் இரைச்சல் போட்டால் வண்டிக்காரரே ஸ்பேனரை எடுப்பது இயல்பு. அந்த வேலையை முறையாகச் செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை, கொஞ்சம் கணக்கு போதும்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். கிராங்கில் 14 பல்லும் கேம் ஸ்பிராக்கெட்டில் 28 பல்லும் உள்ள ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். செயினை ஒரு பல் தள்ளி மாட்டினால் கேம் 360-ஐ 28-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 12.9 பாகை விலகும். கிராங்க் கணக்கில் அது இரட்டித்து 25.7 பாகை ஆகும். உட்கொள்ளும் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றுக் கலவையில் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டன் திரும்பக் கார்ப்புரேட்டர் பக்கமே தள்ளிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகலாம். ஆனால் இழுவை இருக்காது. பல் வரிசையில் அரைப் பல் என்று ஒன்று கிடையாது. எனவே கேம் ஸ்பிராக்கெட்டின் குறி “கிட்டத்தட்ட நேராக” இருந்தால் போதாது. பழைய செயின் நீண்டிருந்தால் குறி சற்றே பின்தங்கித் தெரியும். அது டைமிங் வைத்தவர் செய்த பிழையன்று, செயினை மாற்றச் சொல்லும் அடையாளம்.

பொறியின் நேரத்தைப் புரிந்துகொள்ள ஊஞ்சல் உதவும். பின்னால் நிற்பவரை நோக்கி வரும் ஊஞ்சல் ஒரு கணம் நின்று திரும்புகிறது. திரும்பிய பிறகு தள்ளினால் வேகம் கூடும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் தள்ளியவரின் மணிக்கட்டுதான் நோகும். எஞ்சினில் அந்த மணிக்கட்டு வலிக்கு ஈடானது கிக்கர் திருப்பி அடிப்பது. ஆனால் கலவை ஒரே கணத்தில் வெடித்துத் தீர்வதில்லை. தீ பரவ நேரம் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கிராங்க் ஒரு பாகை நகர ஒரு நொடியில் 36,000-இல் ஒரு பங்கு நேரமே ஆகிறது. பிஸ்டன் உச்சியைக் கடந்த பின் அழுத்தம் முழுமையாக எழ வேண்டுமானால் பொறி உச்சிக்கு முன்பே விழ வேண்டும். ஊஞ்சல் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே கை அசையத் தொடங்கி, அது திரும்பும் நேரத்தில் பலம் சேர்வது போன்றது இது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது, ஒருமுறைதான் தள்ளு கிடைக்கிறது. ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் பொறிக்கான சைகை கிராங்கிலுள்ள மேக்னெட்டிலிருந்து வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விழுகிறது. இரண்டில் ஒன்று புகை வெளியேறும் நேரத்தில் வீணாகிறது. ஆகவே இவற்றில் எந்த உச்சி என்ற குழப்பத்தால் பொறி கெடுவதில்லை. பழைய புல்லட்டில் பாயிண்ட் திறக்கும்போது பொறி விழுகிறது; அதைத் திறக்கும் கேம் கிராங்கின் அரைவேகத்தில் சுற்றுகிறது. அந்தக் கேமைத் தவறான உச்சிக்குப் பூட்டினால், உட்கொள்ளும் வால்வு திறக்கும் வேளையில் பொறி விழுந்து தீ கார்ப்புரேட்டரில் வெடிக்கும். இரண்டு வால்வுகளும் மூடி, தள்ளுதண்டுகள் தளர்ந்திருப்பதே சரியான உச்சி.

அந்த உச்சியைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் முறைதான் இந்த வேலையின் அழகான பகுதி. பிளக் துளையில் குச்சியை விட்டு, அது மேலே வந்து நிற்கும் இடத்தை உச்சி என்று கொள்வது பரவலான பழக்கம். ஸ்பிளெண்டரின் ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. உச்சிக்கு இருபுறமும் 3 பாகை வரை பிஸ்டன் 0.05 மி.மீ. கூட நகராது. கையில் பிடித்த குச்சிக்கு அது தெரியாது. ஊஞ்சல் எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணால் சொல்ல முடியாததும் இதே காரணத்தால்தான். ஆனால் பாதி வழியில் ஒரு தூணை நட்டு, அதைப் போகும்போதும் வரும்போதும் ஊஞ்சல் கடக்கும் நேரங்களைக் குறித்தால் நடுவே திரும்பிய கணம் கிடைத்துவிடும்.

எஞ்சினில் அந்தத் தூண் ஒரு போல்ட். பழைய பிளக்கின் உள்ளீட்டை எடுத்துவிட்டு, முனை மழுங்கிய போல்ட்டைப் பொருத்தித் துளையில் முடுக்க வேண்டும். கேமைக் கழற்றி வால்வுகள் மூடியிருக்கும்போதும், செயினைக் கம்பியால் தூக்கிப் பிடித்தபடியும் இதைச் செய்வது பாதுகாப்பு. மேக்னெட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் போல்ட்டைத் தொட்டு நிற்கும். அங்கே ஒரு கோடு. எதிர்த்திசையில் சுற்றினால் மறுபுறம் தொடும். அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உச்சி. போல்ட்டின் நீளம் எவ்வளவு என்று தெரிய வேண்டியதே இல்லை. அது இருபுறமும் சமமாகக் கழிந்துவிடும். உச்சியிலிருந்து 30 பாகை தள்ளித் தொட்டால் பிஸ்டன் அங்கே பாகைக்குக் கால் மி.மீ. வேகத்தில் நகர்கிறது. எனவே கோடு விழும் இடத்தில் சந்தேகம் மிகக் குறைவு.

இந்த நடுப்புள்ளி மேக்னெட்டிலுள்ள ‘டி’ குறியோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் மேக்னெட்டைக் கிராங்கில் பிடித்திருக்கும் சிறு சாவி தேய்ந்தோ வெட்டுப்பட்டோ இருக்கலாம். டைமிங் லைட் இதைக் காட்டிக்கொடுக்காது. பொறிக்கான சைகை, குறி இரண்டும் அதே மேக்னெட்டில் இருப்பதால் எல்லாம் சேர்ந்தே நழுவியிருக்கும். விளக்கில் எல்லாம் சரியாகவே தெரியும். பிஸ்டனைத் தொட்டுப் பார்த்தால் மட்டுமே உண்மை வெளிவரும்.

வரலாறு சுருக்கமானது. திருவொற்றியூரில் புல்லட் உற்பத்திக்காக எண்ஃபீல்ட் இந்தியா 1955-இல் தொடங்கப்பட்டது. ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 1985-இலும் ஸ்பிளெண்டர் 1994-இலும் வந்தன. பாயிண்ட்டின் இடத்தை மின்னணு எரியூட்டல் பிடித்தபோது தேய்மானம் ஒழிந்தது. உச்சியைக் கண்டறியும் வடிவியல் மட்டும் மாறவில்லை.

பாயிண்ட் உள்ள புல்லட்டில் வரிசை முக்கியம். முதலில் ஃபீலர் கேஜால் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைக்க வேண்டும். பிறகே டைமிங். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறந்து பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகள் ஒடுங்கிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்பதால் இது கிராங்கில் ஏறத்தாழ 9 அல்லது 10 பாகை. பாயிண்ட்டுக்கு இடையே வைத்த மெல்லிய தாள் விடுபடும் கணமே திறக்கும் கணம்.

“கொஞ்சம் அட்வான்ஸ் வைத்தால் மைலேஜ் ஏறும்” என்ற வாக்குறுதியை நம்புவதற்கில்லை. சரியான பொறி நேரத்தைச் சுற்றி எஞ்சினின் திறன் வரைபடம் தட்டையானது. ஓரிரு பாகை முந்தினால் லாபம் ஏதும் புலப்படாது. அதையும் தாண்டினால் நாக்கிங்கும் சூடும் பிஸ்டன் சேதமுமே மிஞ்சும். தொழிற்சாலை குறித்த அளவைச் சரியாக எட்டுவதே மைலேஜுக்கு உள்ள வழி.

எல்லாம் பூட்டிய பின், டென்ஷனர் செயினை இறுக்கிய நிலையில், எஞ்சின் ஓடும் திசையில் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். வால்வு பிஸ்டனைத் தொடுவதாக இருக்கலாம். கிக்கரை உதைத்தால் வால்வு வளைந்துவிடும். தடையின்றிச் சுற்றி மேக்னெட் குறியும் கேம் குறியும் மீண்டும் நேராக நின்றால், வால்வு டைமிங் சரி. அதன் பிறகு பொறியையும் சரிபார்த்துவிட்டுக் கிக்கரில் கால் வைக்கலாம்.