சிவப்பழகு கிரீமும் சிறுநீரகமும்



கல்யாணம், நோம்பி வந்துவிட்டால் சந்தையிலும் பேன்சி கடையிலும் 'ஏழே நாளில் சிவப்பழகு' என்று கிரீம் விற்கிறார்கள. நம் குழுப் பெண்கள் சிலர் இதை மொத்தமாக வாங்கி, வீடு வீடாக விற்று நாலு காசு பார்க்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கேரளாவில் கண்டது என்ன?

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை டாக்டர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 'மெம்ப்ரேனஸ் நெப்ரோபதி' என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற புரதம் சம்பந்தப்பட்ட வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! தோலை வெளுக்க வைக்க இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள்.

பூசுவது முகத்தில், கெடுவது சிறுநீரகமா?

ஆமாங்க. சிறுநீரகம் ஒரு சல்லடை. கழிவை வெளியே விடும், புரதத்தை உடம்பிலேயே நிறுத்தும். நம் ரத்தத்தில் 'எதிர்ப்பொருள்' என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். கிருமியைப் பிடிப்பது அவர்கள் வேலை. தோல் வழியாகப் பாதரசம் உள்ளே போனால் சிலருக்கு இந்தக் காவல் தடுமாறிவிடுகிறது. எதிர்ப்பொருள்கள் சல்லடையிலேயே போய்ப் படிகின்றன. சல்லடை பழுதாகி, புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது.

முட்டை வெள்ளைக்கருவை அடித்தால் நுரை பொங்குமே, அதுவும் புரதம்தான். அதேபோல சிறுநீரிலும் நுரை கட்டி நிற்கும். காலையில் முகம் உப்பும், காலில் நீர் கோர்க்கும். சிலருக்கு ரத்தம் உறைந்து அடைப்பும் வரலாம்.

கிரீம் பூசாதவர்களுக்கும் வருமா?

வரும். 'லூபஸ்' என்ற நோயிலும் எதிர்ப்பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும். இது இளம் பெண்களுக்கே அதிகம். மூட்டு வலி, முடி கொட்டுதல், கன்னத்தில் சிவந்த தடிப்பு இருந்தால் கவனிக்க வேண்டும். இவை தொற்று நோய் அல்ல. யாரையும் ஒதுக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

* வீக்கமோ நுரையோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தமும் பாருங்கள்.
* பூசிய கிரீமை டாக்டரிடம் காட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம். கோட்டக்கல்லில் கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள்.
* தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இல்லாத கிரீமை வாங்காதீர்கள். 'மெர்குரி', 'கலோமெல்' என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். பாதரசம் சேர்த்து முகக்கிரீம் தயாரிக்க நம் நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை.

வித்தால் லாபம்தானே என்று கேட்கலாம். வாங்கிப் பூசுவது நம் பக்கத்து வீட்டுப் பொண்ணு. அவள் ஆஸ்பத்திரிக்குக் கடன் கேட்டு நம் குழுவுக்கே வருவாள். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, 'விவரம் இல்லாத கிரீமை விற்க மாட்டோம்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

கருப்போ சிவப்போ, உழைக்கும் முகம் நமக்கு அழகுதான்!