கருக்குழாயில் கரு: ஊசி எப்போது போதும்?

கார்டில் இரண்டு கோடு வந்துவிட்டது. ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனின் அளவும் கர்ப்பம் உண்டு என்கிறது. ஸ்கேனில் மட்டும் கருப்பை காலியாக இருக்கிறது. நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படி இடம் மாறித் தங்கிவிடுகின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கருக்குழாயில். ஊரில் 'டியூப் பிரெக்னன்சி' என்று சொல்வது இதைத்தான்.

"அதை எடுத்துக் கருப்பையில் வைக்க முடியாதா டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. முடியாது. அந்தக் கர்ப்பத்தைக் காப்பாற்ற இன்றுவரை வழியில்லை. கருப்பையைப்போல விரிந்துகொடுக்கும் தசை குழாய்க்குக் கிடையாது. நஞ்சுக்கொடியாக மாற வேண்டிய திசு குழாயின் சுவரை அரித்துக்கொண்டு ரத்த நாளங்களுக்குள் இறங்கும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே தெரிவது சில சொட்டுகளாக இருக்கலாம். 1883-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர், வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்கவைத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கத்தி ஒன்றே வழியாக இருந்தது.

இன்று, சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் பலருக்கு ஓர் ஊசியே போதும். மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். அதன் வரலாறு கர்ப்பிணிகளிடமிருந்தே தொடங்குகிறது. பம்பாய் மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையால் வாடியதை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட்டில் உள்ள ஏதோ ஒரு சத்து அதைக் குணப்படுத்துகிறது என்று 1931-இல் எழுதினார். அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் பணியை அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் முன்னின்று நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம்கொண்ட எதிர்மருந்துகளையும் உருவாக்கியது. மெத்தோட்ரெக்ஸேட் அந்த வகைதான். அவற்றில் இன்னொன்றைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிக விடுதலை தந்தார். அதை அவர் வெளியிட்ட 1948-ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் இறந்துபோனார். அவர் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை மருத்துவ மாணவர்கள் அறிவார்கள் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய டி.என்.ஏ. எழுத வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. மெத்தோட்ரெக்ஸேட் அந்தப் பாதையிலுள்ள ஒரு நொதியை அடைத்துவிடுகிறது. அதிவேகமாகப் பிரியும் செல்களே முதலில் பட்டினி கிடக்கும். நஞ்சுக்கொடித் திசுவின் செல்கள் அப்படிப்பட்டவை. அதே செல்களிலிருந்து முளைக்கும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை, 1950-களில் அமெரிக்காவில் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் இந்த மருந்தால் குணப்படுத்திக் காட்டினார்கள். கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும், ஹெச்.சி.ஜி. ஹார்மோன் முற்றிலும் அற்றுப்போகும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்று லீ பிடிவாதமாக நின்றார். அதனால் வேலையை இழந்தார். அவர் சொன்னதே சரி என்று பின்னர் தெரிந்தது. இன்று கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணை வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதும் அதே நியாயத்தில்தான்.

கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு இதைப் பயன்படுத்திய முதல் வெற்றியை 1982-இல் ஜப்பானின் தனகா குழுவினர் அறிவித்தார்கள். 1991-இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டோவால் குழுவினர் ஒரே தவணை முறையை வெளியிட்டார்கள்: உடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 மில்லிகிராம், தசையில் ஓர் ஊசி. உலகெங்கும் இன்று பரவலாக இருப்பது இதுவே.

ஆனால் ஊசி போட்ட அன்றே சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அன்றுதான் தொடங்குகிறது. நான்காம் நாளும் ஏழாம் நாளும் பீட்டா ஹெச்.சி.ஜி. பார்க்க வேண்டும். நான்காம் நாள் அளவு கூடியிருந்தால் பதற வேண்டியதில்லை, அது வழக்கமே. நான்கிலிருந்து ஏழுக்குள் குறைந்தது 15 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொரு ஊசி, அல்லது அறுவை. இறங்கினாலும், முற்றிலும் மறையும்வரை வாரம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். சிலருக்கு ஒரு மாதத்தையும் தாண்டும். அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்த பெண்கள் உண்டு என்பதால், "நம்பர் குறைஞ்சிருச்சே, இனி எதுக்கு அலையணும்" என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது.

ஆகவே, யாருக்கு ஊசி தரலாம் என்பதில் மருத்துவர்கள் கறாராக இருக்கிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டுதலின்படி, பெரிய வலி இருக்கக் கூடாது. குழாய் வெடித்திருக்கக் கூடாது. குழாயிலுள்ள கர்ப்பக் கட்டி 35 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கருவில் இதயத் துடிப்பு தெரியக் கூடாது. ஹெச்.சி.ஜி. 1,500-க்குக் கீழே இருந்தால் ஊசிக்கே முதலிடம். 5,000-ஐத் தொட்டால் அறுவையே நல்லது. கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஊசி கூடாது. திரும்பத் திரும்ப வர முடியுமா என்பதும் ஒரு நிபந்தனை. பஸ் பிடித்து மூன்று மணி நேரம் வர வேண்டிய பெண்ணிடம், அவள் வீட்டாரிடம், இதை முதலிலேயே விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை.

ஊசிக்குப் பிறகு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். அது மருந்தையே முறித்துவிடும். ஐபுப்ரோஃபன் வகை வலி மாத்திரைகள், மது, தாம்பத்திய உறவு ஆகியவற்றையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

அறுவை என்றதும் "டியூபை எடுத்துட்டா இனி குழந்தையே இல்லையே" என்று அழும் பெண்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. பிரான்சில் நடந்த டெமெட்டர் ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 67 சதவீதத்தினரும், குழாயைக் காத்து அறுவை செய்துகொண்டவர்களில் 71 சதவீதத்தினரும் இரண்டு ஆண்டுகளுக்குள் கருப்பையில் கரு தரித்தார்கள். குழாயையே அகற்றியவர்களில் இது 64 சதவீதம். இவை சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடுகள் அல்ல என்றே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். எனவே அறுவை தேவை என்று மருத்துவர் சொல்லும்போது, ஊசிதான் வேண்டும் என்று மன்றாடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

நம் ஊரில் நான் மிகவும் அஞ்சுவது இரண்டு பழக்கங்களை. கருக்கலைப்பு மாத்திரையை ஸ்கேன் பார்க்காமலே மருந்துக் கடையில் வாங்கி விழுங்குவது முதலாவது. அந்த மாத்திரை குழாயிலுள்ள கர்ப்பத்தைக் கலைக்காது. ரத்தப்போக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள், உள்ளே கரு வளர்ந்துகொண்டிருக்கும். மற்றது, "நமக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சே" என்ற நம்பிக்கை. அந்த ஆபரேஷன் தவறுவது அரிது. ஆனால் தவறிக் கரு தரித்தால், அது குழாயில் தங்கும் வாய்ப்பு மிக அதிகம்.

நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்று வலியோ, திட்டுத்திட்டாக ரத்தமோ பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் என்றால் வீட்டில் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.