ஸ்டாண்டர்டு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த மகிழுந்து ஆகும். இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி வடிவமைத்து, 1959இல் பிரித்தானியாவில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம்.

வேறுபாடுகள்

பிரித்தானிய ஹெரால்டு 1971 வரை இரு பக்கக் கதவுகளுடனேயே வெளிவந்தது. அதன் எஞ்சின் 948 சிசியிலிருந்து 1147, பின்னர் 1296 சிசி என வளர்ந்தது. இந்தியாவில் 948 சிசி எஞ்சினே தொடர்ந்தது. ஆனால் அங்கு இல்லாத நான்கு கதவு வடிவம் 1960களின் இறுதியில் இங்கு வந்தது. போட்டியாளர்களான அம்பாசடர், பியட் ஆகியவை ஏற்கெனவே நான்கு கதவுகள் கொண்டிருந்தன. ஹெரால்டின் உடற்பகுதிகள் தனிச் சேசிஸின் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டவை என்பதால் இத்தகைய மாற்றத்துக்கு இடமிருந்தது.

ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையக்கூடியவை. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடங்கும் குறை இதில் உண்டு. ஹெரால்டின் வழித்தோன்றலாக 1972 முதல் 1977 வரை விற்கப்பட்ட ஸ்டாண்டர்டு கெசல் காரில், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது.

உரிமையாளர் சந்திப்புகள்

மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் பழைய கார்களின் கண்காட்சிகளை நடத்துகின்றன. பிரித்தானியாவில் ஹெரால்டுக்கு உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆயினும் இந்திய வடிவத்தின் பின்கதவுகளோ கெசலின் பின் அச்சோ அங்கு தயாரானவை அல்ல. அவற்றுக்குப் பழைய இருப்பையும் பழுதான வண்டிகளையுமே நம்ப வேண்டும். எனவே எந்தப் பாகம் எந்த வடிவத்துக்கு உரியது என்பதை அறிந்த உரிமையாளர்கள் கூடுவது, இவ்வண்டிகள் தொடர்ந்து ஓடுவதற்கே தேவையாகிறது.