ஆட்டு மூளையும் தடுப்பூசியும்



விசர்நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று முதியவர்கள் அச்சத்தோடு கூறக் கேட்டிருப்பீர்கள். மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் ஒருவரை நாய் கடித்தால் இன்று அவருக்கு இடப்படும் ஊசி வேறு. அது ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களிலிருந்து ஆக்கப்படுவது. பழைய ஊசியோ செம்மறியாட்டின் மூளையிலிருந்து வந்தது.

1911ஆம் ஆண்டில் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார் வகுத்த முறை அது. விசர்க்கிருமியை விலங்கின் மூளையில் வளர்ப்பர். பின்னர் அம்மூளையை அரைத்துக் காபோலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்வர். நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையமும் நெடுங்காலம் ஆட்டு மூளையிலிருந்தே இம்மருந்தை ஆக்கிவந்தது. எண்ணிறந்தோர் இதனால் உயிர் பிழைத்தனர். ஆயினும், கிருமி செயலிழந்தாலும் மூளைப் பொருள் மருந்திலே தங்கிவிடுகிறதல்லவா? நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் என்னும் உறையின் கூறுகள் ஊசிவழி உடலிற் புகுந்தன. அவற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல், சிலரிடத்துத் தன் நரம்புகளையே தாக்கிற்று. அவர்கள் கைகால் முடங்கினர், சிலர் மாண்டனர்.

மூளைப் பொருளில் மற்றோர் ஐயமும் உண்டு. ஸ்கொத்லாந்தில் உண்ணிகளாற் பரவும் ஓர் ஆட்டு நோய்க்கு, 1935இல், ஆட்டின் மூளை முதலியவற்றைப் போர்மலினில் இட்டுத் தடுப்பு மருந்து செய்தனர். அதனைப் பெற்ற ஆடுகள் பல, ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, உடலை வேலியில் உராய்ந்து உராய்ந்து, தள்ளாடி மடிந்தன. ஸ்கிரேப்பி என்னும் வேறொரு நோய் அம்மருந்தின் வழியே அவற்றிடம் ஏறியிருந்தது. போர்மலின் அதனை அழிக்கவில்லை.

காரணம் பிற்காலத்திலேயே விளங்கிற்று. வடிவந்திரிந்த ஒரு புரதமே அந்நோய்க்கு மூலம் என்று கூறி, 1982இல் ஸ்டான்லி புரூசினர் அதற்குப் பிரியோன் என்று பெயரிட்டார். உயிருள்ள கிருமியன்று அது, கொதிநீருக்கும் அஞ்சாது. ஸ்கிரேப்பி மனிதருக்குத் தொற்றியதாகச் சான்றில்லை. ஆகவே பழைய ஊசி பெற்றோர் இதுபற்றிக் கலங்க வேண்டுவதில்லை. ஆனால் மாட்டின் பிரியோன் நோய் மனிதரையும் பற்றியது என்பது 1996இல் பிரித்தானியாவில் வெளிப்பட்டது. மூலப்பொருள் எந்நாட்டு விலங்கினது, எவ்வுறுப்பினது என்ற கேள்வி மருந்து செய்வோருக்கு அதன்பின் தவிர்க்கவொண்ணாததாயிற்று. கப்சூல் உறையின் ஜெலற்றினுக்கு மாட்டெலும்பு கொள்ளும்போதும் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஒதுக்குவது இதனாலேயே.

மூளைவழித் தடுப்பு மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 1984இலேயே வற்புறுத்திற்று. இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றதோ 2004இல். புதிய ஊசியின் விலை உயர்வு. இடைப்பட்ட இருபதாண்டும் ஆட்டு மூளை மருந்து பெரும்பாலும் ஏழைகளின் வயிற்றிலேயே ஏறிற்று.