பழைய காரும் இளைஞர் பேனாவும்

பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் வீதியிலே ஒரு மொரிஸ் மைனர் கார் வருமானால், அதனைத் திரும்பிப் பாராதவர் அரியர். 'கிளாசிக் கார்' என்று இப்பொழுது மதிப்போடு அழைக்கப்படும் இத்தகைய பழைய வண்டிகளின்மீது நம் இளைஞர் பலருக்குப் பெருமோகம் உண்டாகியிருக்கிறது. படம் பிடிக்கிறார்கள்; விவரம் திரட்டுகிறார்கள்; இவற்றைப் பற்றி இணையத்திலே எழுதி நாலு காசு தேடலாகாதா என்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு ஒளிவுமறைவின்றி விடை கூற முயல்வோம்.

முதலில் காரைப் பற்றிச் சிறிது பார்ப்போம். மொரிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியிலே முதன்முதலாக வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1971 இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. பிறந்த நாட்டிலேயே அருமையாகிவிட்ட இவ்வண்டி, நம் நாட்டில் இன்னும் ஓடுவது எங்ஙனம்? தட்டுப்பாடே காரணம். 1960களில் அந்நியச் செலாவணி முடையால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதே முடை 2020 மார்ச்சில் மீண்டும் வந்தது. தனியார் கார்கள் 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் துறைமுகத்தில் இறங்கின. புதியது வராத நாட்டிலே பழையதைப் பேணுவோரே வல்லுநராகிவிடுகின்றனர். 1990களில் காலியைச் சேர்ந்த தனபால சமரசேகர என்பவர் மொரிஸ் மைனருக்குரிய உதிரிப்பாகங்களைக் கைத்திறனால் செய்வித்து, இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார் என்றால், நம்மவர் கைவண்ணத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

இனி, நமது ஊவா மலைகளுக்கு வருவோம். பசறை, ஹப்புத்தளை, நமுனுகுலைப் பக்கத்து வீதிகளிலே பழைய காரை ஓட்டுவது தனிக் கலை. அக்கால வண்டிகளின் பிரேக்குகள் உருளை வகையைச் சார்ந்தவை. நீண்ட இறக்கத்தில் இடைவிடாது மிதித்தால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவேதான், 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது மலைநாட்டுச் சாரதிகளின் வேதமாயிற்று. ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் எந்த ஓடையருகே நிறுத்தலாம், மழைநாளில் எந்த வளைவு சறுக்கும் என்பவையெல்லாம் அவர்கள் அனுபவத்தால் அறிந்தவை. தோட்டத்துக் கார்கள் துரைமாருடையவை. பழைய படங்களிலே துரை நிற்பார், கார் நிற்கும். அதனைக் கழுவியவரும், சேற்றிலிருந்து தள்ளியவரும், கராஜிலே படுத்துக் கிடந்து திருத்தியவரும் அப்படங்களில் இருப்பது அருமை. அவர்கள் நம் பாட்டன்மார் அல்லரோ? அவர்கள் கதையை நாம் எழுதாவிடில் வேறு யார் எழுதுவர்?

நிற்க, பணத்தின் சங்கதி யாது? இணையப் பக்கங்களிலே விளம்பரம் இட்டு, எழுதியவருக்குப் பங்கு தரும் கூகுளின் அட்சென்ஸ் முறை 2003 இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 இல்தான் திறந்துவிடப்பட்டது. வருமானம் துளித்துளியாகவே சேரும். கணக்கில் 100 டொலர் சேர்ந்தாலன்றிப் பணம் கைக்கு வராது. அதற்கு முன்னரே, 10 டொலரை எட்டியதும், முகவரியை உறுதிசெய்ய ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். இங்கேதான் நம் தோட்டத்துப் பிள்ளைக்கு இடர். பல தோட்டங்களில் லயத்துக் காம்பராவுக்கென்று தனி முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்தில் குவிந்து, பிந்திக் கிடைப்பதும் கிடையாமற் போவதும் நெடுநாளைய முறைப்பாடு. நொடியில் உலகைச் சுற்றும் எழுத்துக்குரிய கூலி, ஒரு தபாலுறைக்காகக் காத்துக் கிடக்கின்றது! தனி முகவரி வேண்டும் என்னும் கோரிக்கை மரியாதையைப் பற்றியது மட்டுமன்று. பிழைப்பையும் பற்றியது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 'எழுத்து வேலை தருகிறோம். முதலில் பதிவுப் பணம் கட்டுங்கள்' என்று கேட்போரை நம்புதல் கூடாது. வேலை தருபவர் கூலி கொடுப்பாரேயன்றி, கூலிக்காரனிடம் பணம் கேட்கமாட்டார்.

அப்படியானால் எழுதுவதே வீணோ? அன்று. ஹாலி-எலைக்கு அண்மையிலுள்ள ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தாம் தொழில் பார்த்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். பின்னர் கொழும்பிலே கணக்காளராகப் பணியாற்றிக்கொண்டே, மலையக மக்களின் வாழ்வைக் கதைகளாக வடித்தார். 2013 இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022 இல் மறையும்வரை பேனாவைக் கீழே வைத்தாரல்லர். எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை. அவர் உழைப்பே எழுத்தைக் காத்தது. பழைய கார் வைத்திருப்போர் நிலையும் இதுவே. கார் அவர்களைப் போஷிப்பதில்லை. அவர்களே காரைப் போஷிக்கின்றனர்.

ஆகவே மாணவச் செல்வங்களே, படிப்பையும் தொழிலையும் கைவிடாதீர்கள். ஓய்வுநாளில் உங்கள் ஊரிலுள்ள முதிய சாரதி ஒருவரிடம் சென்று, எந்தக் கார், எந்த ஆண்டு, எந்த வீதி என்று பணிவோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் எழுதியதைப் பிரதி செய்யாமல், அவர் வாய்மொழியை உங்கள் நடையில் எழுதுங்கள். காசு வந்தால் நன்று; வாராவிடினும் நட்டமில்லை. காருக்கு உதிரிப்பாகம் செய்துகொள்ளலாம். மறைந்துபோன ஒருவரின் நினைவுக்கு அது எக்கடையிலும் கிடைக்காது.