முகப்பூச்சில் இரும்பு: அஞ்சத் தக்கதும் அஞ்சத் தகாததும்



இரும்பு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன மண்வெட்டி, கலப்பை, தண்டவாளம் முதலியனவே. முகத்தில் பூசும் மென்மையான பூச்சிலும், உதட்டுச் சாயத்திலும், கண் இமைக்குத் தீட்டும் மையிலும் அதே இரும்பு கலந்திருக்கின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கும். சிலருக்கு அச்சமும் ஊட்டும். பிள்ளைகளின் நடன நிகழ்ச்சிக்கென வாங்கிய ஒப்பனைப் பொருளின் சிட்டையில் 'இரும்பு ஒட்சைட்டு' என்னும் பெயரைக் கண்ட தாயார் ஒருவர், "மாஸ்ரர், கறளையே பிள்ளையின்ரை முகத்திலை பூசுறம்?" என என்னிடம் வினவினார். நியாயமான வினா அது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம். ஆம், அது கறளுக்கு நெருங்கிய உறவான பொருளே. ஆயினும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியவை அதனோடு மாசாகக் கலந்து வரக்கூடியனவும், அதே நிறத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வனவுமான வேறு சில உலோகங்களே. இவற்றைப் பகுத்தறியாதார் தீங்கற்றதைக் கண்டு அஞ்சுவர். தீங்குள்ளதை அச்சமின்றிக் குழந்தையின் கண்ணிலே தீட்டுவர்.

கறளும் காவியும்

இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் சேர்வைகளை இரும்பு ஒட்சைட்டுகள் என்பர். ஒப்பனைப் பொருள்களில் அவை மூன்று நிறங்களில் பயன்படுகின்றன. சிவப்பு நிறமுடையது பெரிக்கு ஒட்சைட்டு. அதனோடு நீர்க்கூறும் சேர்ந்திருப்பின் மஞ்சள் நிறம் பெறும். கறுப்பு நிறமுடையது காந்தத்தால் கவரப்படும் தன்மை வாய்ந்தது. இம்மூன்றையும் வெண்ணிறத் தைத்தேனியம் ஈரொட்சைட்டோடு வெவ்வேறு அளவிற் கலந்தால், உலக மாந்தர் அனைவரின் தோல் நிறத்துக்கும் ஏற்ற பூச்சை ஆக்கிவிடலாம். சிட்டையில் இவை முறையே சி.ஐ. 77491, சி.ஐ. 77492, சி.ஐ. 77499 என்னும் இலக்கங்களால் குறிக்கப்படும்.

இவை நமக்குப் புதியவை அல்ல. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணைச் சிவக்கச் செய்தது இரும்பு ஒட்சைட்டே. கோயில் மதிலில் வெள்ளைக் கோட்டுக்கு அடுத்ததாகத் தீட்டப்படும் காவியும் அதுவே. சின்னமுத்து, கொப்புளிப்பான் வந்த பிள்ளைகளின் கடி தணிய நாம் பூசிய இளஞ்சிவப்புக் கலமைன் மருந்தை நினைவுகூர்க. அதிலுள்ள துத்தநாகச் சேர்வையின் நிறம் வெண்மை. அதனை இளஞ்சிவப்பாக்குவது சிறிதளவு சேர்க்கப்படும் பெரிக்கு ஒட்சைட்டு. ஆகவே, இரும்பைத் தோலிற் பூசுவது நம்முள் பலருக்குச் சிறுவயது முதலே பழகிய செயலாகும்.

உலக வரலாற்றிலும் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. தென்னாபிரிக்காவின் புளொம்பொஸ் குகையில், காவிக் கல்லை அரைத்துக் குழைத்து வைத்திருந்த இரு சிப்பி ஓடுகளை ஆய்வாளர் கண்டெடுத்தனர். 2011இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அவற்றின் வயது ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகள். நமீபியாவில் வாழும் இம்பா இனப் பெண்கள் காவித் தூளைப் பாற்கொழுப்பிற் குழைத்து இன்றும் உடலெங்கும் பூசிக்கொள்கின்றனர்.

தீங்கு செய்யாமைக்குக் காரணம் என்ன?

ஒரு பொருள் உடலுக்குத் தீங்கு செய்வதற்கு முதலில் அது உடலினுள் புக வேண்டும். இரும்பு ஒட்சைட்டு நீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. நமது தோலின் மேற்படை இறந்த கலங்களால் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு மதில் போன்றது. கரையாத துணிக்கைகள் அம்மதிலின் மேல் தங்கி நின்று, முகம் கழுவும்போது நீங்கிவிடுகின்றன. உதட்டுச் சாயம் உணவோடு சிறிதளவு வயிற்றுக்குள் சென்றாலும், அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டிற் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறும். ஐரோப்பிய நாடுகளில் ஈ 172 என்னும் இலக்கத்தோடு உணவுக்கு நிறமூட்டவும் இதற்கு அனுமதியுண்டு.

"கறள் ஆணி குத்தினால் ஏற்பு வருமே!" எனச் சிலர் வாதிடலாம். ஏற்பு நோயை உண்டாக்குவது கறள் அன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாவே. ஆழமாகக் குத்தும் ஆணி அதனைக் காயத்தினுள் கொண்டு செல்கின்றது. பழி மட்டும் கறளின்மேல் விழுந்துவிட்டது.

இன்னொரு நன்மையும் குறிப்பிடத்தக்கது. வெயிற் காப்புப் பூச்சுகள் பெரும்பாலும் புறஊதாக் கதிர்களையே தடுப்பன. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும், சிறப்பாக அதன் நீலப் பகுதியும், நம்மைப் போன்ற மாநிறத்தோரின் முகத்திற் கருமைத் திட்டுகளை மிகுவிக்கும் என அறியப்பட்டுள்ளது. அவ்வொளியைத் தடுக்க வல்லது இரும்பு ஒட்சைட்டு. ஆதலால் கருந்திட்டு உள்ளவர்களுக்கு நிறமூட்டிய காப்புப் பூச்சைத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

பெயர் ஒன்று, செயல் வேறு

இரும்பு ஒட்சைட்டு தீங்கற்றது என்பதால் இரும்பின் எல்லாச் சேர்வைகளும் அவ்வாறே எனக் கொள்ளலாகாது. குருதிச் சோகைக்கு உண்ணும் பெரசுச் சல்பேற்று மாத்திரை நீரிற் கரைவது, குடலினால் உறிஞ்சப்படுவது. வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் வரையான இரும்பு உண்டு. அதனைப் பேண மருத்துவர் தரும் மாத்திரையை, இனிப்பு என எண்ணிச் சிறு குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இதன் பொருட்டே அமெரிக்காவில் 1997 முதல் இம்மாத்திரைகளின் சிட்டையில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஆகவே, பூட்டி வைக்க வேண்டியது அம்மாவின் மாத்திரைப் போத்தலை என்பதை மறவாதீர்கள். இதன் மறுபக்கத்தையும் உணர்க: தோலிற் பூசும் இரும்பு குருதிச் சோகையைத் தீர்க்காது.

அஞ்ச வேண்டியவை எவை?

நிலத்திலிருந்து தோண்டியெடுக்கும் காவிக் கல்லில் இரும்போடு ஈயம், ஆசனிக்கு, இரசம் ஆகிய நச்சு உலோகங்களும் சிறிதளவு கலந்திருக்கலாம். இதனாலேயே ஒப்பனைக்கான இரும்பு ஒட்சைட்டைத் தொழிற்சாலையிற் செயற்கையாக ஆக்குகின்றனர். அமெரிக்கச் சட்டம் செயற்கையாக ஆக்கியதை மட்டுமே அனுமதிப்பதோடு, அதில் ஈயம் பத்து இலட்சத்தில் 10 பங்கையும், ஆசனிக்கும் இரசமும் ஒவ்வொன்றும் 3 பங்கையும் தாண்டலாகாது என விதிக்கின்றது. நாம் வாழும் கனடாவின் சுகாதாரத் திணைக்களம் ஒப்பனைப் பொருள்களிலுள்ள மாசுகளுக்கு வகுத்த எல்லையும் இதனை ஒத்ததே: ஈயம் 10, ஆசனிக்கு 3, கட்மியம் 3, இரசம் 1. 'இயற்கையானது' என்னும் விளம்பரச் சொல் எப்போதும் 'தூய்மையானது' என்று பொருள்படாது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி, நம் வீடுகளுக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். நம் முன்னோர் ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகைக்கரியைத் திரட்டிக் கண்மை செய்தனர். அதன் கருமை கரியினால் ஆயது. ஆனால் 'சுர்மா', 'காஜல்', 'கோல்' என்னும் பெயர்களில் விற்கப்படும் சில மைகளின் கருமை ஈயச் சல்பைட்டினால் ஆயது. சிலவற்றில் நிறையிற் பாதிக்கும் மேற்பட்டது ஈயமாக இருந்ததும் உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒன்றே: கரியும் கறுப்பு, இரும்பும் கறுப்பு, ஈயச் சல்பைட்டும் கறுப்பு.

சிவப்பிலும் இதே நிலைதான். மஞ்சளோடு காரப் பொருள் சேரும்போது உண்டாகும் செந்நிறமே மரபுக் குங்குமத்தின் நிறம். சிந்தூரம் என விற்கப்படும் சில தூள்களின் சிவப்போ ஈய ஒட்சைட்டினால் ஆயது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலும் இந்தியாவிலும் வாங்கப்பட்ட 118 சிந்தூர மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கானவற்றில், பத்து இலட்சத்தில் 1 பங்குக்குக் குறையாத ஈயம் காணப்பட்டது.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். தீங்கற்ற அளவு என்று ஈயத்துக்கு எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. குழந்தை கண்ணைக் கசக்கும். அதே விரலை வாயில் வைக்கும். பெரியோரின் குடலைக் காட்டிலும் குழந்தையின் குடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சும். இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள்: உடலில் இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை ஈயத்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சுகின்றது. நாம் ஐயுற்ற இரும்பே, உணவின் வழி உடலிற் போதியளவு இருக்குமாயின், ஈயத்துக்கு எதிரான காவலனாகின்றது. பருப்பு, கீரை, மீன், இறைச்சி ஆகியவற்றோடு தோடம்பழம் போன்றவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அப்பழத்தின் உயிர்ச்சத்து 'சி' இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. சிட்டையை வாசியுங்கள். கனடாவில் 2006 நவம்பர் முதல் ஒப்பனைப் பொருள்களின் சேர்க்கைப் பட்டியலைச் சிட்டையில் அச்சிடுவது கட்டாயம். 77491, 77492, 77499 ஆகிய இலக்கங்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். பட்டியலே இல்லாத பொருளுக்கு அஞ்சுங்கள்.

2. ஊரிலிருந்து வருவோர் பெட்டியிற் கொண்டுவரும் சிட்டையில்லா மையையும் சிந்தூரத்தையும் பிள்ளைகளுக்கு இடாதீர்கள். ஏற்கெனவே இட்டு வந்திருப்பின், குடும்ப மருத்துவரிடம் கூறிக் குருதியில் ஈயத்தின் அளவைச் சோதிப்பியுங்கள்.

3. கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையையும் தீட்டாதீர்கள். நஞ்சற்ற மையாயினும் கிருமி தொற்றக்கூடும்.

4. தூளான பூச்சுகளைக் குழந்தையின் முகத்தருகே உதறாதீர்கள். தோலுக்குத் தீங்கற்ற தூளும் சுவாசப்பைக்கு ஏற்றதன்று. இரும்பை ஒட்டும் தொழிலாளரின் சுவாசப்பையில் இரும்புத் துணிக்கைகள் படிவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர்.

5. காந்தப் புல ஒத்திசைவுப் படப்பிடிப்புக்கு மருத்துவமனை செல்லுமுன் கண் ஒப்பனையை முற்றாக நீக்குங்கள். கறுப்பு இரும்பு ஒட்சைட்டு காந்தத்தாற் கவரப்படுவதால் கண்ணருகே உறுத்தலை உண்டாக்கலாம், படத்தையும் கெடுக்கலாம்.

6. பூசியபின் கடியோ தடிப்போ தோன்றின் உடனே கழுவி நீக்குங்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் பூச்சிலுள்ள வாசனைப் பொருளாகவோ, பழுதடையாது காக்கும் பொருளாகவோ இருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிறு பரிசோதனை. இரும்பு சேர்த்த காலையுணவுத் தானியத்தை நன்றாக நொறுக்கி நீரிற் கலக்கி, வலிமை மிக்க காந்தமொன்றைப் பையில் இட்டு அதனுள் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தானியத்திற் சேர்க்கப்பட்டது உலோக இரும்புத் தூளாயின், கரிய நுண்துகள்கள் காந்தத்தின் பக்கம் ஒட்டி நிற்கும். நீங்கள் நாள்தோறும் உண்ணும் இரும்பு அது! பரிசோதனையைப் பெற்றோரின் துணையோடு செய்து, காந்தத்தைத் தம்பி தங்கையருக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காந்தம் இரும்பைக் காட்டும், ஈயத்தைக் காட்டாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

பொட்டும் மையும் நம் பண்பாட்டின் அடையாளங்கள். அவற்றைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. எதனால் ஆனவை என வினவி அறிந்து அணியுமாறே வேண்டுகின்றேன். நிறத்தைக் கண்டு நம்புதலும் பெயரைக் கண்டு நடுங்குதலும் அறிவுடையோர்க்கு ஆகா. பொருளின் தன்மை யாது, அதன் தூய்மை எத்தகையது, எவ்வழியாக உடலிற் சேர்கின்றது என்னும் மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிய பிள்ளை, ஒப்பனைப் பொருளை மட்டுமன்றி உலகத்தையே தெளிவாகக் காணும். அத்தகைய பிள்ளைகளை வளர்த்தெடுப்போமாக.