பிள்ளைக்குச் சோறு செரிக்குமா?

ஆறு மாதக் குழந்தையின் வயிற்றில் நடக்கும் அதிசயம்

தை மாதம். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சம்பா அறுவடை நடக்கும் காலம். களத்தில் புது நெல் குவிந்து கிடக்கிறது. அறுத்த வயலிலே உளுந்தும் பச்சைப்பயறும் முளைத்து நிற்கின்றன.

வீட்டுக்குள்ளே ஒரு சிறு வாக்குவாதம்.

"அத்தை! பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. சோறு மசித்து ஊட்டட்டுமா?" என்கிறாள் மருமகள்.

"வேண்டாம்மா! பச்சைக் குடல். சோறு செரிக்காது. மாந்தம் வந்துவிடும். கஞ்சித் தண்ணீரை வடித்துக் கொடு, போதும்" என்கிறார் மாமியார்.

மாமியாருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பேரன் என்றால் அவருக்கு உயிர். ஆனால், அவர் சொல்படி நடந்தால் என்ன ஆகும்? நெல் விளையும் சீமையிலே, நெல் மூட்டை அடுக்கிய வீட்டிலே, அந்தக் குழந்தை அரைப் பட்டினி கிடக்கும்!

மாமியார் சொல்வது முழுத் தவறா? இல்லை. பாதி உண்மை, பாதி பயம்.

நாக்கு போட்ட பூட்டு

மூன்று மாதக் குழந்தையின் வாயில் எதை வைத்தாலும் நாக்கு வெளியே தள்ளிவிடும். அது இயற்கை போட்ட பூட்டு. ஆறு மாதம் ஆகும்போது அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. தலை நன்றாக நிற்கிறது. பிடித்துக்கொண்டால் குழந்தை உட்காருகிறது. பெரியவர்கள் சாப்பிட்டால் கையை நீட்டுகிறது.

"பல்லே இல்லையே!" என்று கவலைப்பட வேண்டாம். மசித்த சோற்றுக்கு ஈறே போதும். கடைவாய்ப் பல் வர ஒரு வயதுக்கு மேல் ஆகும். அதுவரை அரைக்கும் வேலையை அம்மாவின் விரல்கள் செய்துவிடும்.

கணையமும் நான்கு துணைவர்களும்

சோற்றில் இருப்பது மாச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைத்தால்தான் உடம்பில் சேரும். பெரியவர்களுக்கு இந்த வேலையில் பெரும் பங்கைச் செய்வது கணையம். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி அது.

பிறந்த குழந்தையின் கணையத்தில் மாச்சத்தை உடைக்கும் நீர் அநேகமாகக் கிடையாது. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பெருகுகிறது. மாமியார் சொன்னதில் உள்ள பாதி உண்மை இதுதான்.

ஆனால், கணையத்துக்கு நான்கு துணைவர்கள் உண்டு.

முதலாவது, உமிழ்நீர். சோறு வாயில் இருக்கும்போதே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, சிறுகுடலின் சுவர். மாச்சத்தை உடைக்கும் சக்தி அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது.

மூன்றாவது, தாய்ப்பால். மாச்சத்தையும் கொழுப்பையும் செரிக்க வைக்கும் பொருள்கள் தாய்ப்பாலிலேயே இருக்கின்றன! பால் தானும் உணவாகி, சோற்றுக்கும் துணையாகிறது. சோறு தொடங்கியதும் பாலை நிறுத்துவது எவ்வளவு பெரிய தவறு, பாருங்கள். இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும்கூடத் தாய்ப்பால் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான்காவது, பெருங்குடலில் வாழும் நுண்கிருமிகள். செரிக்காமல் மிஞ்சிய மாச்சத்தை இவை புளிக்க வைக்கின்றன. அதிலிருந்து கிடைக்கும் சத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. பானையில் பழைய சோறு புளிப்பதுபோல! இவை நல்ல கிருமிகள். குழந்தை புதிது புதிதாக உண்ண உண்ண, இவற்றிலும் பல வகைகள் குடியேறும்.

கஞ்சித் தண்ணீர் செய்யும் மோசம்

குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். 7 கிலோ குழந்தை என்றால் சுமார் 200 மில்லி. ஒரு டம்ளர் அளவு!

அந்தச் சின்ன இடத்தைக் கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால்? வயிறு நிறையும். அழுகை நிற்கும். உடம்பில் சதை பிடிக்காது.

6 மாதம் முதல் 8 மாதம் வரை, தாய்ப்பால் போக, நாளொன்றுக்கு இன்னும் 200 கலோரி தேவை. 9 மாதம் முதல் 11 மாதம் வரை 300. ஒரு வயதுக்கு மேல் 550. தாயிடமிருந்து பெற்று வந்த இரும்புச்சத்தும் ஆறு மாதத்தோடு குறைந்துவிடுகிறது. இத்தனைக்கும் கஞ்சித் தண்ணீர் ஈடுகொடுக்குமா?

கரண்டியைச் சாய்த்தால் ஆகாரம் சட்டென்று வழியக் கூடாது. அந்தப் பக்குவமே சரி.

முளையின் மகிமை

கெட்டியாகக் கொடுத்தால் விழுங்கச் சிரமம். தண்ணீர் விட்டால் சத்துக் குறைவு. இதற்கு வழி என்ன?

1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். தானியம் முளைக்கும்போது, மாச்சத்தை உடைக்கும் பொருள் அதில் உண்டாகிறது. முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவில் ஒரு சிட்டிகையைக் கெட்டிக் கஞ்சியில் கலந்தால், சில நிமிஷங்களில் கஞ்சி இளகிவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, சத்தும் குறையவில்லை!

கணையம் இன்னும் கற்றுக்கொள்ளாத வேலையை, முளைத்த தானியம் கிண்ணத்திலேயே செய்து கொடுத்துவிடுகிறது.

கொதிக்கும் கஞ்சியில் போட்டால் இது பலிக்காது. இறக்கி, கொதி அடங்கிய சூட்டில் கலக்க வேண்டும். இளகியபின் மறுபடியும் ஒரு கொதி விட்டு, ஆற வைத்து ஊட்டலாம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் வழங்கும் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு சேர்கிறது.

எப்படி ஊட்டுவது?

பச்சரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. குழைய வேக வைத்து மசியுங்கள். அரைத் தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் விடுங்கள். சின்ன வயிற்றில் இடம் அடைக்காமல் சக்தி தருவது கொழுப்புதான்.

முதல் நாள் இரண்டு மூன்று கரண்டி போதும். பிறகு நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை. கீரை, வாழைப்பழம், முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அபாயம்!

மலத்தைக் கண்டு பயம் வேண்டாம்

சோறு தொடங்கியதும் மலத்தின் நிறம் மாறும், நாற்றமும் மாறும். காரட் துணுக்கு, பருப்புத் தோல் அப்படியே வரும். "பார்த்தாயா, செரிக்கவில்லை!" என்று சோற்றை நிறுத்திவிடாதீர்கள். குழந்தை சிரித்து விளையாடுகிறதா? எடை ஏறுகிறதா? அப்படியானால் குடல் ஒழுங்காக வேலை செய்கிறது.

மலத்தில் இரத்தம், வெள்ளை மலம், பச்சை வாந்தி, சோர்ந்து துவண்டு கிடத்தல், எடை ஏறாமை ஆகியவை வேறு விஷயம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். தண்ணீராய்ப் போனால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அப்போதும் தாய்ப்பாலையும் ஆகாரத்தையும் நிறுத்தக் கூடாது.

கஞ்சித் தண்ணீரை வடிக்கச் சொன்ன மாமியாரிடம் இதை எடுத்துச் சொன்னால் அவர் மறுப்பாரா? மறுக்க மாட்டார். சோற்றையும் பருப்பையும் பதமாய் மசிக்க, அந்த வீட்டில் அவர் விரல்களை மிஞ்ச ஆள் ஏது?

அரிசியும் பயறும் ஒரே வயலில், ஒன்றன்பின் ஒன்றாக விளைகின்றன. அவை குழந்தையின் கிண்ணத்திலும் ஒன்று சேரட்டும்!